ரெண்டு பேரும் நல்லாத் தூங்குறாங்க

அடுத்த மாதம் நான் ஓய்வு பெறுகிறேன். வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். ஊசி போடுவதும் கட்டுக் கட்டுவதும் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. நான் ஒரே ஒரு மத்தியானத்தைப் பற்றி எழுதுகிறேன். அன்று எனக்கு டியூட்டி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கும் சாக்கு அதுதான்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ராமேஸ்வரம் ரயில் பாதையில், கடற்கரையை ஒட்டிய ஒரு சிறிய ஊர் ஆஸ்பத்திரியில் நான் சீனியர் நர்ஸ். ஊர்ப் பெயர் வேண்டாம். என் மகன் சேகருக்கு அப்போது ஏழு வயது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. அவன் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. மாதத்தில் பாதி நாள் பாம்பன் பாலத்தில்தான் இருப்பார்.

சேகர் எந்நேரமும் வாயைத் திறந்தபடி இருப்பான். தூங்கும்போது விடுகிற குறட்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கும். குறட்டை நடுவில் நின்றுபோகும். நான் எழுந்து உட்கார்ந்து, அடுத்த மூச்சு வருகிறதா என்று காத்திருப்பேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டான் என்று பள்ளிக்கூடத்தில் புகார். நர்ஸ் வேலை பார்க்கிற நானே அவனைத் திமிர் என்று அடித்திருக்கிறேன். வாயை மூடுடா என்று மோவாயைத் தட்டியிருக்கிறேன். மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை வரும் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருநாள் அவனை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து வழியை அடைத்திருக்கிறது என்றார். அடினாய்டு. காது கேட்காததும் அதனால்தான். மூச்சுக்கு வழியில்லாதவன் வாயைத் திறக்காமல் வேறு என்ன செய்வான்?

அதே மாதம்தான் காதர் பாய் தன் மகள் மைமூனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மண்டபம் பக்கத்து ஆள். மீன் கம்பெனிக்கு வரும் ஐஸ் கட்டிகளை இறக்கி, உடைத்து, மீன் பெட்டிகளில் அடுக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. மைமூனுக்கு ஆறு வயது. நீண்டுபோன முகம், திறந்த வாய், வெளியே தள்ளிய முன்பல். பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டில் ஒன்று அப்படியே இருக்கிறதே.

"எம் புள்ள வாய்க்குள்ள ஈ போயிட்டுத் திரும்பி வந்து எங்கிட்ட சலாம் சொல்லுது நர்சம்மா" என்றார் காதர் பாய். அவர் பேச்சே அப்படித்தான். மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேலி பேசுவார். அவளும் சிரிப்பாள், பாதி காதில் விழாமலே.

ஆபரேஷன் என்றதும் அந்தக் கேலி நின்றுவிட்டது. பொட்டப்பிள்ளை, நாளைக்கு ஒரு இடத்தில் கட்டிக்கொடுக்க வேண்டும், தழும்பு தெரியுமா என்று கேட்டார். வெளியே ஒரு கீறலும் இருக்காது, எல்லாம் வாய் வழியாகத்தான் என்றேன். அவர் மனம் சமாதானமாகவில்லை. மனைவிக்குப் பிள்ளை பிறந்து மூன்று வாரம்தான் ஆகிறது, நாற்பது நாள் கழியாமல் வீட்டைவிட்டு வரமுடியாது, ஆம்பளை நான் ஒருத்தன் ஆஸ்பத்திரியில் என்ன பார்ப்பேன் என்றார். அப்போதுதான் நான் சேகரைப் பற்றிச் சொன்னேன்.

"ஒங்க மகனுக்கும் இதே சீக்குதானா?"

"இதேதான் பாய். அவனுக்கும் அன்னைக்குத்தான் செய்யிறோம்."

மகளைத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டார். "அப்பச் சரி. நீங்க ஒங்க பிள்ளைய எங்கன படுக்க வைக்கிறீகளோ, அங்கன எம் புள்ளயும் படுக்கட்டும்."

அப்படியே படுக்க வைத்தோம். அடுத்தடுத்த கட்டில்.

நடந்ததைச் சொல்லுமுன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அடினாய்டு எடுத்த புண் மூக்குக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ரத்தம் கசிந்தால் வெளியே வராது. தொண்டையின் பின்புறமாக இறங்கும். தூங்குகிற பிள்ளை அதை விழுங்கிக்கொண்டே இருக்கும். தலையணை சுத்தமாக இருக்கும். துணியில் ஒரு பொட்டுச் சிவப்பு இருக்காது. வயிற்றுக்குள் போன ரத்தம் நிறம் மாறிப் பழுப்பாகிவிடும். எங்கள் டியூட்டி அறைக் கரும்பலகையில் இரண்டு வரி எழுதியிருந்தது: "தொண்டை ஆபரேஷன் ஆன பிள்ளை அழுதால் நல்லது. சத்தமில்லாமல் விழுங்கினால் டாக்டரைக் கூப்பிடு." எழுதியது நான். என் கையெழுத்து. ஒவ்வொரு மாதமும் டாக்டர் வருகிற நாளுக்கு முன்பு அழிந்த எழுத்தைச் சாக்பீஸால் திருத்தி எழுதுவதும் நான்தான்.

அன்று நான் லீவு போட்டிருந்தேன். வெள்ளை உடுப்பு இல்லை, கத்தரிப்பூ நிறச் சேலை. காலையில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆபரேஷன் முடிந்து பதினொரு மணிக்கு வார்டுக்கு வந்தார்கள். வார்டில் டியூட்டி பாக்கியத்துக்கு. பயிற்சி முடித்து ஒரு வருஷம் ஆகாத பெண். கால் மணிக்கு ஒருமுறை இரண்டு பிள்ளைகளுக்கும் நாடி பார்த்து அட்டையில் எழுதவேண்டும் என்று அவளுக்கு உத்தரவு.

பன்னிரண்டரைக்கு இரண்டும் விழித்துக்கொண்டு அழுதன. குளிர்ச்சியாகக் கொஞ்சம் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் ஐஸுக்கு எங்கே போவது? காதர் பாய் கொண்டுவந்திருந்தார். மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றி, ஒரு மீன் பெட்டி நிறைய. பெட்டியை மூன்று முறை உப்புத்தண்ணீரில் கழுவினேன், மீன் வாடை இருந்தால் என் பேரை மாத்திக்கிறேன் என்றார். ஐஸைத் துணியில் கட்டிச் சுவரில் அடித்து உடைத்தார். வீட்டில் காய்ச்சிய நன்னாரி சர்பத்தையும் ஒரு போத்தலில் கொண்டுவந்திருந்தார். ஐஸ் தண்ணீரில் அதைக் கலந்து முதலில் என் மகனுக்கு நீட்டினார். பிறகுதான் தன் மகளுக்கு. கரண்டி கரண்டியாக இரண்டும் குடித்தன. அந்தச் சர்பத்தின் நிறம் கரும்பழுப்பு. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே முக்காலுக்குச் சேகர் லேசாக வாந்தி எடுத்தான். சளியில் இரண்டு சிவப்பு இழை. அது சாதாரணம். அடுத்தவர் பிள்ளையாக இருந்தால் துடைத்துவிட்டுப் போயிருப்பேன். அன்று பாக்கியத்தைக் கூப்பிட்டு டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்க்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை என்றாள். பத்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது முறை நாடி எண்ணச் சொன்னேன், நானும் கூடவே எண்ணினேன். அவள் சீனியர் நர்ஸின் மகனைப் பார்க்கிறோம் என்ற பயத்திலேயே இருந்தாள். மைமூனின் அட்டையில் இரண்டு மணிக்கான கட்டமும் இரண்டே காலுக்கான கட்டமும் காலியாக இருந்ததை நான் சாயங்காலம்தான் பார்த்தேன்.

இரண்டு மணிக்கு மேல் இரண்டு பிள்ளைகளும் ஒருக்களித்துத் தூங்கிவிட்டார்கள். வெயில் ஓடுகளில் இறங்கியிருந்தது. வார்டே கண்ணயர்ந்துவிட்டது. நான் சேகரின் மார்பில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அவன் வாய் மூடியிருந்தது. குறட்டை இல்லை. மூக்கால் மூச்சு விட்டான். நாலு வருஷமாக நான் கேட்காத அமைதி அது. ஒரு தாய்க்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உங்களில் பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூச்சைத் தவிர வேறு எதுவும் என் காதில் விழக்கூடாது என்று இருந்தது.

"நர்சம்மா" என்றார் காதர் பாய், மெதுவாக. "எம் புள்ள தூக்கத்துல முழுங்கிக்கிட்டே இருக்கே. கனாவுல பிரியாணி திங்கிதோ என்னமோ."

அவர் சிரித்தது எனக்குக் கேட்டது. நான் திரும்பவில்லை. என் கை சேகரின் மார்பில் இருந்தது.

"எச்சி ஊறும் பாய். தொண்டை வலிக்கும்ல. தூங்கட்டும், எழுப்பிவிட்டுறாதீக."

"சரிம்மா" என்றார்.

கரும்பலகையில் எழுதியவள் சொன்ன பதில் இது. நான் மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். மறக்கவில்லை. யாராவது அந்த நிமிஷத்தில் என்னை எழுப்பி, பிள்ளை தூக்கத்தில் விழுங்கினால் என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன். அவர் கேட்டது அந்தக் கேள்விதான் என்று எனக்கு எட்டவில்லை. நான் அன்று நர்ஸாக இல்லை. ஆனால் அவர் என்னை நர்ஸ் என்று நினைத்துத்தான் கேட்டார்.

கடற்கரைக்காரர், நாள் முழுக்க ஆட்களை வேலை வாங்குகிற மனுஷர், எழுந்துபோய் டியூட்டி நர்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்று தோன்றும். பெண்களும் பிள்ளைகளும் இருக்கிற வார்டில் தனி ஆம்பளையாக உட்கார்ந்திருக்கிற கூச்சம் அவருக்கு. அதோடு, பக்கத்திலேயே பெரிய நர்ஸ் இருக்கும்போது இன்னொரு நர்ஸ் எதற்கு?

இரண்டே முக்காலுக்கு டாக்டர் ரயிலடிக்குப் போகும் வழியில் வார்டுக்கு வந்தார். மூன்று பத்துக்கு மதுரைக்கு வண்டி. வெளியே குதிரை வண்டி காத்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார். பாக்கியத்திடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்.

"என்ன சிஸ்டர், ரெண்டு பேரும் எப்படி இருக்காங்க?"

"ரெண்டு பேரும் நல்லாத் தூங்குறாங்க டாக்டர்" என்றேன்.

மைமூனைப் பார்க்காமல் சொன்னேன். அவள் கட்டில் என் முதுகுக்குப் பின்னால் இரண்டு அடியில் இருந்தது. டாக்டர் சந்தோஷமாகத் தலையசைத்துவிட்டுப் போனார். காதர் பாய் எழுந்து நின்று அவருக்குச் சலாம் வைத்தார். பெரிய டாக்டரும் பெரிய நர்ஸும் நன்றாக இருக்கிறது என்று சொன்னபிறகு அவர் விழுங்குவதைப் பற்றி மறுபடி ஏன் கேட்கப்போகிறார்?

ரயில் கூவிக்கொண்டு புறப்பட்ட சத்தம் வார்டுக்குக் கேட்டது. அது அடங்கிக் கொஞ்ச நேரத்தில் மைமூன் எழுந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். பாக்கியம் ஓடிவந்து பேசினைப் பிடித்தாள். நிறைய இருந்தது. கரும்பழுப்பு.

"குடிச்ச சர்பத்து" என்றார் காதர் பாய், தன்னைத்தானே தேற்றிக்கொள்கிற மாதிரி.

பாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். "சர்பத்தாத்தான் இருக்கும். வாயக் கழுவி விடு."

அவள் பேசினை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள். அப்போது வாசனை வந்தது. நன்னாரி வாசனை உங்களுக்கெல்லாம் தெரியும். குடித்து வாந்தி எடுத்தால்கூட அது போகாது. சேகரின் வாந்தியில் இருந்தது. இதில் நன்னாரி இல்லை. ஈர மண்ணில் கிடந்த இரும்பு வாசனை.

அன்று முதல்முறையாக அப்போதுதான் எழுந்தேன்.

மைமூனின் உதடு வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. நாடி விரலில் நிற்கவில்லை. வாயைத் திறந்து டார்ச் அடித்தேன். தொண்டையின் பின்சுவரில் சிவப்பு இழையாக இறங்கிக்கொண்டிருந்தது, நிற்காமல். அவள் அதை விழுங்கினாள். பிறகு மறுபடி விழுங்கினாள். கீழ்ப்படிகிற பிள்ளை.

அதன்பிறகு செய்யவேண்டியதை எல்லாம் செய்தோம். பின்கட்டுக் குவார்ட்டர்ஸிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்தார். மூக்கு வழியாகத் துணியைத் திணித்து அடைக்கப் பார்த்தார். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைச் செய்ய மதுரைக்காரருக்குத்தான் கைப்பழக்கம் உண்டு. சலைன் ஏற்றினோம். ஏற்றுவதற்கு ரத்தம் எங்களிடம் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த நிலையத்துக்குத் தந்தி அடித்து டாக்டரை இறக்கிவிடச் சொன்னார். அவர் ஒரு உப்பு லாரியில் ஏறித் திரும்பி வந்துசேர்ந்தபோது மைமூன் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. வெயில் இன்னும் தாழவில்லை. பக்கத்துக் கட்டிலில் சேகர் அவ்வளவு சத்தத்திலும் விழிக்காமல் மூக்கால் மூச்சு விட்டுத் தூங்கினான்.

காதர் பாய் சத்தம் போட்டு அழவில்லை. மகளின் காதருகே குனிந்து ஓதவேண்டியதை ஓதினார். பிறகு அவளுடைய மோவாயை விரலால் மெதுவாக மேலே தூக்கி வாயை மூடினார். அது மூடியபடி நின்றது.

மறுவாரம் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. பாக்கியத்துக்குத்தான் வந்தது. டியூட்டியில் இருந்தவள் அவள்தானே. நாடி எழுதாத இரண்டு கட்டங்களுக்கு அவள் காரணம் எழுதிக்கொடுத்தாள். அதில் என் மகனைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. நானாகவும் எதுவும் எழுதிக்கொடுக்கவில்லை. அவள் அந்த வருஷக் கடைசியில் வேலையை விட்டுவிட்டாள்.

இதற்குப் பிறகு நான் இருந்த வார்டுகளில் சில பழக்கங்களைக் கொண்டுவந்தேன். கிறுக்கு என்று என் முதுகுக்குப் பின்னால் பேசியிருப்பீர்கள். நாடிக்கும் மூச்சுக்கும் பக்கத்தில் விழுங்குதல் என்று ஒரு கட்டம் போட்டு, தூங்கும் பிள்ளையின் தொண்டையை ஒரு நிமிஷம் முழுக்கப் பார்த்து எண்ணச் சொல்வது. வாந்தியை நிறம் பார்ப்பதோடு விடாமல் முகர்ந்து பார்க்கச் சொல்வது. நம் சொந்தப் பிள்ளை வார்டில் இருக்கும் நாளில் நம்மை யாரும் எதுவும் கேட்கக்கூடாது, கேட்டாலும் நாம் பதில் சொல்லக்கூடாது, டியூட்டியில் இருப்பவரைக் கூப்பிடவேண்டும் என்பது. இதையெல்லாம் மறந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள். பெற்றவர் ஒருவர் தன் பிள்ளையைப் பற்றிக் கேட்டால், உட்கார்ந்தபடி பதில் சொல்லாதீர்கள். எழுந்து போய்ப் பாருங்கள். அவர் சிரித்துக்கொண்டு கேட்டாலும் எழுந்திருங்கள்.

அந்தச் சாயங்காலத்தைச் சொல்லி முடிக்கவேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

மகளை எடுத்துப்போக வண்டி வரும்வரை காதர் பாய் வராந்தாவில் நின்றிருந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"நர்சம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றார். "மத்தியானம் முழுங்கிக்கிட்டே இருந்துச்சே. அது இதுதானா?"

"இல்ல பாய்" என்றேன். "அது வேற."

அவர் தலையாட்டினார். "அப்படியா. நா அப்பவே வெளிய ஓடிப்போயி யார்கிட்டயாவது சொல்லிருக்கணுமோன்னு நெனச்சேன்."

அவர் சொல்லியிருந்தார். சரியான நேரத்தில், சரியான ஆளிடம், சரியான வார்த்தையில் சொல்லியிருந்தார். அந்த ஆஸ்பத்திரியில் அன்று கண்ணைத் திறந்து பிள்ளையைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருஷம் சொல்லிவிடவேண்டும் என்று மண்டபத்துக்கு பஸ் ஏறிப் போனேன். வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டார்கள் என்றார்கள்.

வண்டி வந்ததும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கியவர் நின்று திரும்பினார்.

"பொட்டியில பாதி ஐஸ் இருக்கும்மா. கொண்டுபோயி நா என்ன செய்ய. ஒங்க பிள்ளைக்கு ஆகும். சாக்கத் தொறந்து போட்டுறாதீக, கரைஞ்சிரும்."

நான் வார்டுக்குள் வந்தபோது சேகர் விழித்திருந்தான். தொண்டை வலிக்கிறது, ஐஸ் வேண்டும் என்றான். மரத்தூளைத் தட்டிவிட்டு ஒரு துண்டை எடுத்துக் கழுவி வாயில் வைத்தேன். அவன் விழுங்கினான். எண்ண ஆரம்பித்தேன்.